கரையான் தின்றது போக மீதி: பழைய கணினிகளும் தில்லை ஏடுகளும்

ஒரு அலுவலகம் ஒரு லட்ச ரூபாய்க்குக் கணினி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகள் கழித்து அதன் மதிப்பு என்ன?

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது சுலபமான கேள்விதான். வருமான வரிக் கணக்கில் 2016-17 வரை கணினிக்குத் தேய்மானம் 60 சதவீதம். குறைந்து செல் மதிப்பு முறையில் போட்டுப் பார்த்தால் முதல் ஆண்டு முடிவில் 40,000. அடுத்த ஆண்டு 16,000. பிறகு 6,400. பிறகு 2,560. ஐந்தாம் ஆண்டு முடிவில் மிஞ்சுவது 1,024 ரூபாய்! ஒரு கிலோபைட்டுக்கு 1,024 பைட் என்று படித்திருப்போம். அதே எண்ணில் வந்து கணக்கு முடிவது ஒரு வேடிக்கை. 2017-18 நிதியாண்டு முதல் இந்த விகிதம் 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 7,776 ரூபாய் மிஞ்சும்.

எப்படிப் பார்த்தாலும், பத்து வருடம் ஆன கணினிக்குக் கணக்குப் புத்தகத்தில் மதிப்பே இல்லை. அடுத்த நிறுத்தம் காயலான் கடை. அதோடு வந்த மேனுவல், ஃப்ளாப்பி, வாரண்டி அட்டை எல்லாம் அதற்கு முன்பே பழைய பேப்பரோடு எடைக்குப் போயிருக்கும்.

ஆனால் உலகின் பல ஊர்களில் சிலர் இதே பழைய கணினிகளைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறார்கள். பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். கிழிந்த மேனுவலைக்கூட ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். ஏன்? இதற்கான பதிலைத் தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. சிதம்பரத்திலேயே ஆயிரம் ஆண்டுகளாக ஒரு கதை இருக்கிறது.

தில்லையில் பூட்டியிருந்த அறை

தேவாரம் கிடைத்த கதையைத் 'திருமுறை கண்ட புராணம்' சொல்கிறது. சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் எழுதியதாகக் கருதப்படும் நூல் இது.

சோழ மன்னன் ஒருவன் தேவாரப் பாடல்களில் சிலவற்றைக் கேட்டு மனம் உருகுகிறான். (இந்த மன்னன் முதலாம் ராஜராஜன் என்பது மரபு.) முழுவதும் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறான். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி, ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் இருப்பதாகச் சொல்கிறார். திருநாரையூர் இன்றைய கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உள்ள ஊர்.

பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் அறை திறக்கும் என்கிறார்கள் தீட்சிதர்கள். மன்னன் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரின் திருவுருவங்களையும் அறை முன் எழுந்தருளச் செய்கிறான். கதவு திறக்கிறது. உள்ளே ஏடுகளின் மேல் கரையான் புற்று! எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்துப் பார்த்தால் பெரும் பகுதி அழிந்துவிட்டது. மூவரும் பாடியவை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிகங்கள் என்பது மரபு வழிக் கணக்கு. இன்று இருப்பவை ஏறத்தாழ 800.

பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கதை இதுவரை தெரியும். இதன் இரண்டாம் பாதிதான் நம் விஷயத்துக்கு முக்கியம்.

ஏடு கிடைத்துவிட்டது. எழுத்தும் தெரிகிறது. ஆனால் எந்தப் பதிகத்தை எந்தப் பண்ணில் பாடுவது? சொல்ல ஆளில்லை. சம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவருடைய ஊர் எருக்கத்தம்புலியூர். விருத்தாசலம் பக்கத்தில் இன்று ராஜேந்திரபட்டினம் என்று அழைக்கப்படும் ஊர் அது. அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைக் கொண்டு பண் அமைத்தார்கள் என்று முடிகிறது புராணம்.

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புராணம் என்பது ஆய்வாளர்கள் பேச வேண்டிய விஷயம். ஆனால் சொன்னவர்களுக்கு ஒரு உண்மை தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பூட்டி வைப்பது காப்பாற்றுவது ஆகாது. எழுதியது கிடைத்தாலும் போதாது, அதை எப்படிப் பாடுவது என்ற அறிவும் கூடவே கிடைக்க வேண்டும்.

பிற்காலத்தில் முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்துத் தளபதியான நரலோகவீரன் மூவர் பாடல்களைச் செப்பேட்டில் எழுத வைத்தான் என்று சிதம்பரம் கல்வெட்டு சொல்கிறது. ஓலையில் இருந்ததைச் செம்பில் இன்னொரு பிரதி எடுத்திருக்கிறார்கள். இன்றைய மொழியில் இதற்குப் பெயர் பேக்கப்!

இரண்டு நான்கான கதை

ஓலைச்சுவடிக்கு வேண்டியவை இரண்டு. ஓலை, அதைப் படிக்கத் தெரிந்த ஆள். வெளிச்சமும் கண்ணும் இருந்தால் ஆயிரம் ஆண்டு ஆன கல்வெட்டையும் படித்துவிடலாம்.

கணினிக்கு அது நான்காகிவிட்டது.

முதலாவது, தகவல் பதிந்த ஃப்ளாப்பி அல்லது டேப்.
இரண்டாவது, அதைப் படிக்கும் இயந்திரம்.
மூன்றாவது, அதைத் திறக்கும் மென்பொருள்.
நான்காவது, இவை எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்லும் கையேடுகள், மின்சுற்று வரைபடங்கள், அவற்றைப் புரிந்த மனிதர்கள்.

நான்கில் ஒன்று போனாலும் மற்ற மூன்றும் வீண். பழைய கணினி சேர்ப்பவர்கள் பெட்டியை மட்டும் சேர்க்காமல் உதிரி பாகத்தையும் காகிதத்தையும் சேர்த்துத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவின் நாசா இதற்கு நல்ல உதாரணம். 1966, 1967-ல் ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் நிலவைச் சுற்றிப் படம் எடுத்தன. அந்தப் படங்களின் மூலப் பதிவுகள் சுமார் 1,500 டேப்களில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற இயந்திரம் வழக்கொழிந்து போனது. குளிர்சாதனப் பெட்டி அளவுக்குப் பெரிய இயந்திரம் அது. நாசாவில் பணியாற்றிய நான்சி எவன்ஸ் என்ற பெண்மணி, அவற்றைக் குப்பைக்கு அனுப்ப மனமில்லாமல் சில இயந்திரங்களைத் தன் சொந்த இடத்திலேயே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வைத்திருந்தார். அந்த இயந்திரங்களைப் பழுது பார்த்துத்தான் 2008 நவம்பரில் நிலவிலிருந்து எடுத்த பூமியின் படத்தை முன்பைவிடப் பல மடங்கு தெளிவாக மீட்டார்கள். டேப் நாசாவிடம் இருந்தது. இயந்திரம் ஒரு தனி மனிதரின் பொறுப்பில் இருந்தது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் படம் வந்தது.

இங்கிலாந்தில் கதை இன்னும் கடினம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்கக் கட்டப்பட்ட கொலோசஸ் கணினிகளைப் போருக்குப் பின் பெரும்பாலும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். வடிவமைத்த டாமி ஃப்ளவர்ஸ், மேலிடத்து உத்தரவுப்படி தன்னிடமிருந்த ஆவணங்களையும் எரித்துவிட்டார். 1993-ல் டோனி சேல் என்பவர் அதை மறுபடி கட்டக் கிளம்பியபோது கிடைத்தவை சில பழைய புகைப்படங்களும், அன்றைய பொறியாளர்கள் சிலர் விதியை மீறி வைத்திருந்த வரைபடத் துண்டுகளும்தான்! 2007 வரை உழைத்து அதை முழுமையாக ஓட வைத்தார்கள். இயந்திரமே இல்லாதபோதும் காகிதமும் மனித ஞாபகமும் இருந்தால் மீட்கலாம் என்பதற்கு இது சாட்சி.

இந்தியாவில் என்ன நடந்தது?

இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணினி 1955-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிறுவப்பட்ட எச்இசி-2எம். இங்கிலாந்திலிருந்து வாங்கியது.

நம் நாட்டிலேயே கட்டியது டிஃப்ராக். பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து கட்டினார்கள். 1956-ல் சோதனை வடிவம் ஓடியது. 1960-ல் முழு இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்தது. 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். சுமார் 2,700 வால்வுகள். நினைவகம் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் வெறும் 10 கிலோபைட்! செல்பேசியில் எடுக்கும் ஒரு சிறிய படத்துக்குக்கூட அது போதாது. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் 1960களின் நடுப்பகுதி வரை அதில்தான் கணக்குப் போட்டார்கள்.

அதே காலத்தில் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவில் கணினிகளை வாடகைக்கு விட்டது. பம்பாய் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனம் 1961-ல் ஐ.பி.எம். 1401 ஒன்றை நிறுவியது. வெளிநாடுகளில் ஓடி ஓய்ந்த 1401 இயந்திரங்களைப் புதுப்பித்து இந்தியாவில் வாடகைக்கு விடுகிறார்கள் என்று அப்போது கடும் விமர்சனம் எழுந்தது. அதாவது அமெரிக்காவில் 'பழையது' ஆனது, இங்கே 'புதியது' ஆக ஓடிக்கொண்டிருந்தது!

1973-ல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது அரசு. ஐ.பி.எம். ஒத்துக்கொள்ளவில்லை. 1978-ல் இந்தியாவை விட்டு வெளியேறியது.

கம்பெனி போய்விட்டது. ஆனால் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் அதன் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சம்பளப் பட்டியலும் கணக்கும் அவற்றில்தான். யார் பராமரிப்பது? 1970களின் நடுவில் மத்திய அரசு தொடங்கிய கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சிஎம்சி, அந்தப் பொறுப்பை ஏற்றது. அதன் முதல் தலைவர் டிஃப்ராக் கட்டிய அதே நரசிம்மன்தான்.

செய்த கம்பெனி ஊரில் இல்லாதபோது ஒரு இயந்திரத்தை ஓட்டுவது சாதாரண வேலை இல்லை. உதிரி பாகம் கடையில் கிடைக்காது. கழற்றிப் போட்ட இன்னொரு இயந்திரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மேனுவலும் வரைபடமும் கையில் இல்லை என்றால் எந்தப் பலகையில் கோளாறு என்றே தெரியாது. இன்று பழைய கணினி ஆர்வலர்கள் பொழுதுபோக்காகச் செய்வதை அன்று இந்தியப் பொறியாளர்கள் பிழைப்புக்காகச் செய்தார்கள். திறமை இருந்தது. ஆனால் நோக்கம் ஓட்டுவது. ஓடி முடிந்தபின் வைத்திருப்பது நோக்கமல்ல. அதனால் பயன் முடிந்ததும் கழித்துக்கட்டும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

ஒப்பிட்டுப் பாருங்கள். கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இரண்டு ஐ.பி.எம். 1401 இயந்திரங்களை ஓட வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கிடைத்த ஒன்றை 2004 வாக்கில் பழுது பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்தவர்கள் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓய்வு பெற்ற முதியவர்கள். அவர்களுக்கு வழிகாட்டியது இயந்திரத்தோடு வந்த மின்சுற்று வரைபடக் கட்டுகள். இங்கேயும் அதே பாடம்தான்... பெட்டி, காகிதம், ஆள் மூன்றும் ஒன்றாகக் கிடைத்தன.

பழையதாக ஆக ஆபத்து அதிகம்

ஒரு பொருள் எவ்வளவு பழையதோ அவ்வளவு மதிப்பு என்பது பழம்பொருள் உலகின் விதி. கணினிக்கு ஒரு கெட்ட விதியும் உண்டு. 386, 486 காலத்துப் பீங்கான் உறை போட்ட சிப்களிலும், பழைய பலகைகளின் முனைகளிலும் தங்கப் பூச்சு அதிகம். பிற்காலத்தில் செலவைக் குறைக்க அதை மெல்லியதாக்கிவிட்டார்கள். எனவே தங்கத்துக்காக அமிலத்தில் கரைப்பவர்கள் முதலில் தேடுவது மிகப் பழையவற்றைத்தான். அரிதான கணினி எது என்று வரலாறு தெரிந்தவரைவிட வேகமாகக் கண்டுபிடிப்பவர் பழைய இரும்புக் கடைக்காரர்.

அப்படிக் கரைப்பது உடம்புக்கும் நிலத்துக்கும் கேடு. அதனால்தான் மின்கழிவு விதிகள் 2012 மே மாதம் அமலுக்கு வந்தன. பின்னர் திருத்தப்பட்டு, புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. விதிகள் நல்லவைதான். ஆனால் மறுசுழற்சிக்குப் போகும் லாரியில் எது குப்பை, எது வரலாறு என்று பிரித்துப் பார்க்க யாரும் நிற்பதில்லை.

கடலூர்க் காற்று வேறு இருக்கிறது. கடலோர ஊர்களில் உப்பும் ஈரமும் சேர்ந்து இணைப்பு முனைகளை அரிக்கும். ஈரத்தில் ஃப்ளாப்பிக்குள் பூஞ்சை பிடிக்கும். அந்த ஃப்ளாப்பியை அப்படியே இயந்திரத்தில் போட்டால் படிக்கும் முனையும் கெடும். 386, 486 பலகைகளில் இருக்கும் சிறிய பேட்டரி கசிந்து சுற்றியுள்ள செப்புத் தடங்களைத் தின்றுவிடும். மாவட்டத்தின் நினைவில் 2004 டிசம்பர் சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் இருக்கின்றன. இந்த மூன்றிலும் வீடுகளில் என்னென்ன நனைந்திருக்கும் என்று யோசித்தாலே போதும். தில்லையில் கரையான் செய்த வேலையை இங்கே உப்பும் தண்ணீரும் செய்கின்றன.

தமிழுக்கு மட்டும் உள்ள தனிச் சிக்கல்

பழைய கணினியைக் காப்பதில் மற்ற நாட்டாருக்கு எதற்கு அக்கறை என்பது வேறு கதை. தமிழர்களுக்கு இதில் சொந்தமாக ஒரு காரணம் இருக்கிறது. அது எழுத்துரு.

ஒருங்குறி எனப்படும் யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தது. ஒன்றில் 'அ' இருக்கும் இடத்தில் மற்றொன்றில் 'ழ' இருக்கும். 1980களின் பிற்பகுதியில் இந்திய மொழிகளுக்காக ஜிஸ்ட் என்ற தனி அட்டையையே கணினிக்குள் செருகினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைத் தமிழக அரசு ஏற்றது. இணையத்தில் தமிழர்கள் கூடிப் பேசித் திஸ்கி என்ற இன்னொன்றை உருவாக்கினார்கள். 2010-ல் அரசு ஒருங்குறிக்கு மாறியது.

1990களில் கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு டிடிபி கடையில் அடித்த கோயில் கும்பாபிஷேக மலரை எடுத்துக்கொள்வோம். அச்சிட்ட புத்தகம் வீட்டில் இருந்தால் இன்றும் படிக்கலாம். ஃப்ளாப்பியில் இருக்கும் மூலக் கோப்பைத் திறக்க வேண்டுமானால்? ஃப்ளாப்பி டிரைவ் வேண்டும். பேஜ்மேக்கர் வேண்டும். அது கடைசியாக வந்தது 2001-ல். அந்தக் கடைக்காரர் பயன்படுத்திய அதே எழுத்துரு வேண்டும். சில மென்பொருளுக்குக் கணினியின் பின்னால் செருகும் டாங்கிள் என்ற பூட்டும் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லை என்றால் திரையில் வருவது புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டம். ஏடு கிடைத்தும் பண் தெரியாத நிலை இதுதான்.

இதை உணர்ந்து செயல்பட்டவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் தலைமையில் 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். தொடக்கத்தில் அன்றைய எழுத்துருக்களில் இருந்தவை திஸ்கிக்கு மாறின, பிறகு ஒருங்குறிக்கு மாறின. ஓலை பழசானால் புது ஓலையில் படி எடுப்பார்கள் அல்லவா, அதே வேலை. ஒவ்வொரு குறியீட்டிலும் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை யாரோ எழுதி வைத்திருந்ததால்தான் இந்த மாற்றம் சாத்தியமானது. அந்த ஒரு பக்க அட்டவணைதான் ஆவணம். அது தொலைந்தால் கோப்பு இருந்தும் இல்லாத மாதிரி.

யார் காப்பது?

விலை வந்தால் தானாகக் காப்பார்கள் என்று ஒரு வாதம் உண்டு. 1976-ல் ஆப்பிள்-1 கணினியை 666 டாலர் 66 சென்ட்டுக்கு விற்றார்கள். செய்ததே சுமார் 200 தான். அதில் ஒன்றை 2014-ல் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. தேய்மானக் கணக்குப்படி சில நூறு டாலர்கூடத் தேறாத பொருள் இது! ஆனால் இப்படி விலை போவது புகழ் பெற்ற பொருளுக்கு மட்டும்தான். கடலூர் அலுவலகத்தில் ரேஷன் கணக்கோ சம்பளக் கணக்கோ போட்ட இயந்திரத்துக்கு ஏலம் நடக்காது.

பணக்காரர் ஒருவர் கையில் எடுத்தால்? மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன், பழைய கணினிகளை ஓடும் நிலையில் வைத்துச் சியாட்டிலில் 2012-ல் ஒரு அருங்காட்சியகம் திறந்தார். அவர் 2018-ல் காலமானார். 2020-ல் கொரோனா காலத்தில் மூடிய கதவு மறுபடி திறக்கவே இல்லை. 2024-ல் அங்கிருந்த பல பொருட்கள் ஏலத்துக்குப் போயின. எவ்வளவு பணம் இருந்தாலும் ஒருவரை மட்டும் நம்பிய சேகரிப்பு அவரோடு ஆட்டம் காண்கிறது.

காரைக்குடி பக்கம் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையாவின் சேகரிப்பு இதற்கு நேர் எதிர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், பழைய தமிழ்ப் புத்தகம், இதழ், துண்டறிக்கை, நாடக நோட்டீஸ் என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்தபோது அங்கே சுமார் ஒரு லட்சம் நூல்கள். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்கு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே நூலகமாக்க உதவியது. இன்று தமிழ் ஆய்வாளர்கள் அங்கேதான் போய் உட்காருகிறார்கள். நோட்டீஸைச் சேர்ப்பவரை அந்தக் காலத்தில் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்!

உ.வே. சாமிநாதையரும் அப்படித்தான். ஆற்றிலும் நெருப்பிலும் போடப்பட்ட சுவடிகள் போக எஞ்சியதைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் அவர். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராக இருந்தார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது அந்தக் கல்லூரிகளை அடித்தளமாகக் கொண்டுதான். ஒரே நூலுக்குப் பல பிரதிகளை வைத்து ஒப்பிட்டுத்தான் அவர் பதிப்பித்தார். ஒரு பிரதியில் செல்லரித்த வரி இன்னொன்றில் இருக்கும். பல கைகளில் பல பிரதிகள் இருப்பதுதான் பாதுகாப்பு என்பது அவர் வேலையிலேயே தெரிகிறது.

அலமாரியின் மேல் இருப்பது

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மூடியில் முதலமைச்சர் படம். கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் எத்தனையோ வீடுகளில் இன்று அவை பேட்டரி செத்து அலமாரியின் மேல் கிடக்கும். கணக்குப் புத்தகத்தில் அவற்றின் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, கிராமத்துப் பிள்ளைகள் கையில் கணினி எப்படி வந்தது, அதில் என்ன செய்தார்கள் என்று யாராவது வரலாறு எழுத உட்கார்ந்தால் அவருக்கு வேண்டியது இந்தப் பெட்டிதான். அன்று எங்கும் கிடைப்பதால் இன்று யாரும் வைத்துக்கொள்வதில்லை. எங்கும் கிடைத்த பொருள்தான் முதலில் காணாமல் போகும்.

எல்லாவற்றையும் எல்லோரும் வைத்திருக்க முடியாது. வீட்டில் இடமும் இல்லை. ஆனால் பழைய கணினியை எடைக்குப் போடும் முன் செய்யக்கூடிய சின்ன வேலைகள் சில உண்டு.

* பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் பலகை போச்சு.
* பல வருடம் சும்மா கிடந்ததை எடுத்தவுடன் மின்சாரத்தில் செருகாதீர்கள். உள்ளே இருக்கும் பழைய மின்தேக்கிகள் வெடிக்கலாம். விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுச் செருகலாம்.
* ஃப்ளாப்பி, குறுவட்டு இருந்தால் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துப் பிரதி எடுங்கள். ஒன்றுக்கு இரண்டு இடத்தில் வையுங்கள்.
* தமிழ்க் கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவையும் கூடவே எடுத்து வையுங்கள்.
* மேனுவல், பில், வாரண்டி அட்டை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
* யார் வாங்கியது, எந்த வருடம், என்ன விலை, எதற்குப் பயன்பட்டது என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள்.

கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இயந்திரம் போனாலும் அந்த நான்கு வரி பேசும். எருக்கத்தம்புலியூரில் அந்தப் பெண் இருந்ததால் தேவாரம் இன்று பண்ணோடு ஒலிக்கிறது என்கிறது புராணம். பழைய கணினிகளின் பண் தெரிந்தவர்கள், டிடிபி கடைக்காரர்களும் ஓய்வு பெற்ற பராமரிப்புப் பொறியாளர்களும், இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கேட்டு எழுதி வைக்க இதுதான் நேரம்.